உங்களுக்குத் தெரியுமா? கக்குவானுக்கு எத்தனை பெயர்!

காரைக்காலில் நாகப்பட்டினம் பேருந்தில் ஏறினால் சற்று நேரத்தில் திருமலைராயன்பட்டினம். பத்திரிகைகளில் திருப்பட்டினம், ஊர்க்காரர் வாயில் வெறும் பட்டினம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக் காகிதங்களில் இந்த ஊர் 'கிராந்த் ஆல்தே'. பெரிய ஊர் என்று அர்த்தம். இதில் 'ஆல்தே' என்பது பிரெஞ்சுச் சொல்கூட இல்லை. கிராமத்தைக் குறிக்கும் 'ஆல்தெய்யா' என்ற போர்ச்சுகீசியச் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. ஓர் ஊரின் பெயரே இப்படிக் கடல் கடந்து கைமாறியிருக்கும்போது, குழந்தைகளை வாட்டிய ஒரு நோயின் பெயர் சும்மா இருந்திருக்குமா? இந்த முறை கக்குவான் இருமல்.

●

இந்தக் கரையில் ஒரே இருமலை எத்தனை மொழியில் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர்கள். அவர்கள் மொழியில் இது 'கீக்ஹோஸ்தெ'. தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள். அவர்களுக்கு 'கிங்க்ஹூஸ்ட்'. நடுவில் காரைக்காலில் 1739 முதல் 1954 வரை, இடையிடையே ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்ட ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு 'கொக்லூஷ்'. இத்தனை பேருக்கும் முன்னால் இங்கே இருந்த தாய்மார்களுக்குக் கக்குவான்.

டச்சுச் சொல்லில் உள்ள 'கிங்க்' என்பது மூச்சு அடைத்துத் திணறுவது. ஆங்கிலத்திலும் பழைய பெயர் 'சின்காஃப்'தான். டச்சுச் சொல்லின் நெருங்கிய உறவு. 'ஹூப்பிங் காஃப்' அதற்குப் பிறகு நிலைபெற்ற பெயர்.

●

கக்குவான் என்ற சொல் 'கக்கு' என்ற வினையிலிருந்து பிறந்தது. இருமி இருமி, கடைசியில் குடித்த பாலையும் தின்ற சோற்றையும் கக்கிவிடும் குழந்தையைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

நம் ஊரில் நோய்களுக்குப் பெயர் வைத்திருக்கும் விதத்தைக் கவனித்தால் ஒன்று தெரியும். தொண்டையை அடைப்பது அடைப்பான். மணலை வாரி இறைத்ததுபோல் உடம்பெங்கும் பொரிந்தால் மணல்வாரி. கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. நோய் என்ன செய்கிறதோ அதுவே அதன் பெயர். கக்குவானும் அந்த வரிசையைச் சேர்ந்தது.

இதை நான் வெறும் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. இருமல் வேகத்தில் வாந்தி வருவது, இந்த நோயைச் சாதாரணச் சளியிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களுள் ஒன்று என்று இன்றைய மருத்துவப் புத்தகங்களும் சொல்கின்றன. தமிழ்ப் பெயரை வைத்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

●

மருத்துவர் சீட்டில் எழுதும் 'பெர்டுசிஸ்' லத்தீன் சொல். 'துஸ்ஸிஸ்' என்றால் இருமல். 'பெர்' என்பது மிகுதியைக் காட்டும் முன்னொட்டு. கடும் இருமல், அவ்வளவுதான். 1670களில் இந்தப் பெயரை வழங்கியவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம்.

அவருக்கும் முன்னால், 1578இல், பாரிஸில் குழந்தைகளைக் கொள்ளைகொண்ட ஓர் இருமலைக் கியோம் தெ பையூ என்ற மருத்துவர் விவரமாக எழுதி வைத்தார். அது அச்சானது அவர் இறந்த பிறகு, 1640இல். மக்கள் அதை 'கிந்த்தா' என்று சொன்னதாகக் குறித்திருக்கிறார். லத்தீனில் அது 'ஐந்தாவது'. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இருமல் வந்ததாலா, இருமும் ஓசையாலா என்று அவருக்கே உறுதியில்லை. ஆனாலும் சொல் சாகவில்லை. பிரெஞ்சில் இன்றும் ஒரு தொடர் இருமலுக்கு 'கேந்த்' என்றுதான் பெயர்.

●

இப்போது 'கொக்லூஷ்'. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பிரான்ஸைத் தாக்கிய ஒரு கொள்ளைநோய்க்கு இந்தப் பெயர் இருந்தது. அது இன்றைய கக்குவான் அல்ல. இன்ஃபுளூயன்சா வகைக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். 'கொக்லூஷ்' என்றால் அன்று தலையை மூடும் முக்காட்டுத் தொப்பி. நோயாளிகள் குளிருக்கு அதைப் போட்டுக்கொண்டு முடங்கியதால் நோய்க்கும் அந்தப் பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். பிறகு பெயர் மெல்ல நகர்ந்து குழந்தைகளின் இருமலில் போய் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் காதில் இருக்கிறது. பிரெஞ்சில் சேவலுக்கு 'கோக்'. கக்குவான் கண்ட குழந்தை இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது எழும் சத்தத்தைப் பிரெஞ்சு மருத்துவர்கள் இன்றும் 'சேவல் கூவல்' என்றே எழுதுகிறார்கள். முக்காடு மறந்துபோய்ச் சேவல் நின்றுவிட்டது.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ஆளையும் பிரெஞ்சில் 'கொக்லூஷ்' என்பார்கள். ஊர்ப் பெண்களின் கொக்லூஷ் என்றால் எல்லாப் பெண்களும் மயங்கும் அழகன். ஒரே சொல்லில் செல்லமும் நோயும். சிலேடைக்குப் பேர்போன காளமேகப் புலவர் கால் வைத்த ஊரிலிருந்து எழுதுகையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

●

காளமேகம் என்றதும் ஒன்று. 15ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட திருமலைராயன் அவையில் காளமேகத்தோடு மோதியவர் அதிமதுரகவி என்றும், எமகண்டம் என்ற ஆபத்தான கவிப்போட்டியில் பாடி வென்ற காளமேகம் ஊர்மேல் மண்மாரி பொழியச் சபித்துவிட்டுப் போனார் என்றும் கதை. தோற்ற புலவரின் பெயரில் இருக்கும் அதிமதுரம்தான் இருமலுக்கு நம் வீடுகளில் இன்றும் வாயில் அடக்கிக்கொள்ளும் வேர்.

இருமலுக்கு இன்னொரு பழைய கை ஆடாதோடை. அதன் இலையில் உள்ள 'வாசிசின்' என்ற பொருளை ஆதாரமாக வைத்துத்தான் 'புரோம்ஹெக்சின்' என்ற சளி மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக்கடையில் விற்கும் பல இருமல் டானிக்குகளில் அது உண்டு. ஆனால் அதிமதுரமோ ஆடாதோடையோ டானிக்கோ கக்குவான் கிருமியைக் கொல்லாது. தொண்டைக்கு இதம் தருவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு.

அதைவிட முக்கியமானது: ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இருமலுக்கென்று தேன் தொட்டு வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும், தசைகள் செயலிழந்துபோகும். வசம்பையும் மாசிக்காயையும் தேனில் இழைத்து நாக்கில் தடவும் பாட்டிமார் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

●

பக்கத்து வீட்டு மொழிகளைக் கேளுங்கள். மலையாளத்தில் 'வில்லன் சும'. கன்னடத்தில் 'நாயிகெம்மு', அதாவது நாய் இருமல். இந்தியில் 'காலி காசி', கறுப்பு இருமல். ஸ்பானியருக்குக் 'காட்டுவிலங்கு இருமல்'. சீனருக்கும் ஜப்பானியருக்கும் 'நூறு நாள் இருமல்'. நோய் எத்தனை நாள் இழுக்கும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். உண்மையில் அவ்வளவு நாள் இழுக்கவும் செய்யும்.

இலங்கைத் தமிழருக்கு இது 'குக்கல்'. அங்கே முக்கூட்டுத் தடுப்பூசி என்றால் தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி மூன்றுக்கும். நம் பக்கத்துச் சுவரொட்டியில் அதே மூன்றும் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி. பழந்தமிழில் 'குக்கல்' என்றால் நாய் என்பதும் நினைவிருக்கட்டும். கன்னடக்காரர் காதில் விழுந்த குரைப்பு யாழ்ப்பாணத்துக்காரர் காதிலும் விழுந்திருக்குமோ! சிங்களத்திலோ இதற்குப் பெயர் 'கக்கல் கஸ்ஸ'. 'கஸ்ஸ' என்றால் இருமல். முதல் சொல்லைப் பார்த்தால் நம் கக்குவானுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது!

யாழ்ப்பாணம் என்றால் மானிப்பாயையும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பிறகு மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மருத்துவப் படிப்பு தமிழில் முடியுமா என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

●

அந்தச் 'சேவல் கூவல்' எப்படி வருகிறது? சாதாரண இருமலில் ஒரு இருமல், ஒரு மூச்சு. கக்குவானில் அப்படி இல்லை. ஒரே மூச்சை வெளியே விட்டபடியே குழந்தை ஐந்து, எட்டு, பத்து என்று அடுக்கடுக்காக இருமும். நடுவில் காற்றை இழுக்க இடமே கிடையாது. முகம் சிவந்து பிறகு கருநீலமாகும். கண்ணில் நீர் கோக்கும், நாக்கு வெளியே தள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். நுரையீரல் காலியான பிறகு, இறுகிக் கிடக்கும் குரல்வளை வழியாக ஒரே இழுப்பில் காற்று உள்ளே பாயும். அப்போது எழுவதுதான் அந்தக் கூவல். பிறகு கொழகொழவென்று சளி, வாந்தி. குழந்தை துவண்டு தாயின் தோளில் சாயும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து விளையாடவும் போய்விடும். மருத்துவர் முன்னால் உட்காரும்போது பெரும்பாலும் இந்த விளையாடும் குழந்தைதான் இருக்கும். அதனால்தான் நோய் கண்ணில் படாமல் தப்புகிறது. இரவில் வரும் ஒரு இருமலைக் கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுபோய்க் காட்டுவது பெரிய உதவி.

●

இதில் பயங்கரமான உண்மை ஒன்று உண்டு. ஆறு மாதம் ஆகாத சிசுக்கள் பல கூவுவதே இல்லை. அவ்வளவு வேகமாகக் காற்றை இழுக்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது. சில சிசுக்கள் இருமுவதுகூட இல்லை. மூச்சு சட்டென்று நின்றுபோகும், உதடு நீலம் பாரிக்கும். கக்குவானில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக் குழந்தைகள்தான். 'ஹூப்' சத்தம் கேட்டால்தான் அந்த நோய் என்று ஆங்கிலப் பெயரை நம்பிக் காத்திருந்தால், யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அந்தக் குழந்தையைத்தான் தவறவிடுவோம். பால் குடித்துக்கொண்டே மூச்சை நிறுத்தும் சிசுவைக் காரைக்கால் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

●

சிசுவுக்கு இந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அண்ணன், அக்கா, அம்மா, பாட்டி. பெரியவர்களுக்கு இது வெறும் தீராத வறட்டு இருமலாக வந்து போகும். யாரும் கக்குவான் என்று நினைக்க மாட்டார்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 17 பேருக்குத் தொற்றக்கூடியது என்பது நிபுணர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தட்டம்மைக்கு அடுத்துச் சொல்லத்தக்க வேகம்.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருப்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவ மக்கள் அவரை 'மாப்பிள்ளை சாமி' என்று உரிமையோடு வரவேற்பார்கள். ஊரெல்லாம் உறவினர். வந்தவர்கள் முதலில் தேடுவது தொட்டில் குழந்தையைத்தான். இருமுகிறவர்கள் அன்று மட்டும் எட்ட நின்று கொஞ்சினால் குழந்தைக்குப் பெரிய உபகாரம். வீட்டுப் பெரியவர்களே இதை முன்னின்று சொல்லலாம். மருமகள் சொன்னால் மனத்தாங்கல் ஆகிவிடுகிறது.

●

கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஜூல் போர்தே, ஆக்தாவ் ஜாங்கூ. 1906, பிரஸ்ஸல்ஸ். உருளைக்கிழங்குச் சாறும் கிளிசரினும் இரத்தமும் கலந்த ஒரு கூழில் அதை வளர்த்தார்கள். மிக நுணுக்கமான கிருமி, வேறு எதிலும் எளிதில் வளராது. போர்தேவுக்கு 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது, எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆய்வுகளுக்காக. கிருமி இன்று அவர் பெயராலேயே 'போர்டெடெல்லா பெர்டுசிஸ்'.

●

தடுப்பூசிக் கதையில் நம் கடற்கரையின் பழைய ஆட்கள் வேறு வேடத்தில் வருகிறார்கள். 1913இல் துனிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் பிரெஞ்சுக்காரர் சார்ல் நிக்கோல் கக்குவானுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். 1920களில் ஃபாரோ தீவுகளில் டென்மார்க்கின் தோர்வால்ட் மாட்சென் போட்ட ஊசி நோயின் கடுமையைக் குறைத்தது.

ஆனால் கதையின் நாயகிகள் இரண்டு முன்னாள் பள்ளி ஆசிரியைகள். பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங். ஊர் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ். 1932. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். பகலில் ஆய்வகத்தில் தண்ணீரும் பாலும் சோதிக்கும் வேலை. அது முடிந்த பிறகு மாலையில் ஏழைகள் வீடுகளுக்கு நடந்து, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், இருமும் குழந்தையின் வாய்க்கு எதிரே ஒரு கண்ணாடித் தட்டைப் பிடிப்பார்கள். போர்தேவின் கூழ் தடவிய தட்டு. குழந்தை அதன்மேல் இருமும். அதில் முளைத்த கிருமிகளைக் கொன்று தடுப்பூசி செய்தார்கள். கையில் பணமில்லை, எலினோர் ரூஸ்வெல்ட் அவர்களது ஆய்வகத்துக்கு வந்துபோன பிறகு உதவி கிடைத்தது. லோனி கோர்டன் என்ற கறுப்பினப் பெண் ஆயிரக்கணக்கான தட்டுகளைப் பார்த்துப் பார்த்து வீரியமான கிருமி வகையைப் பிரித்தெடுத்தார். தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் அமெரிக்காவில் மட்டும் கக்குவானுக்கு ஆண்டுக்குச் சுமார் 6,000 பேர் பலி. இந்த மூன்று பெண்களின் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் ஒருமுறையாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

●

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. ஜப்பானில் 1975இல் தடுப்பூசி நிறுத்திவைக்கப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது பலர் போட்டுக்கொள்ளவில்லை. 1979இல் சுமார் 13,000 பேருக்கு நோய், 41 மரணம். பிரிட்டனில் 1970களில் பரவிய பயத்தால் ஊசி போட்டுக்கொள்வது ஏறக்குறைய 80 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்குச் சரிந்தது. அடுத்து வந்த கக்குவான் அலையில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருமினார்கள்.

நம் பக்கத்திலும் ஓர் அதிர்ச்சி உண்டு. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் கக்குவானும் அடங்கிய முத்தடுப்பு ஊசியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 2008இல் அதன் உரிமம், கசௌலி, கிண்டி நிலையங்களின் உரிமங்களோடு சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. அரசின் கையிலேயே தடுப்பூசி இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அந்த இரண்டு ஆண்டுகளில் புரிந்தது.

●

இன்று கக்குவானுக்குத் தனி ஊசி இல்லை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், அடுத்த கட்டத்தில் புதுச்சேரியிலும் வந்த பென்டாவேலன்ட் ஊசியில் அது இருக்கிறது. தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகியவற்றோடு ஐந்தில் ஒன்று. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம். அரை மில்லி, தொடையில்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது செவிலியர் கையிலுள்ள குப்பியைப் பாருங்கள். அதில் ஒரு சின்ன வட்டம், நடுவே ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுத்திருந்தால் மருந்து நல்லது. வெயிலில் கெட்டுப்போனால் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிடும். அதைப் போட மாட்டார்கள். சூடுதான் எதிரி என்று நினைக்க வேண்டாம், உறைந்தாலும் இந்த மருந்து கெட்டுவிடும். அதனால்தான் 2 முதல் 8 டிகிரி என்று அவ்வளவு கெடுபிடி. அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கலாம், தொடையில் வலி இருக்கலாம். பயந்து அடுத்த தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஒரு தவணையோடு நின்றுவிட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு அரைகுறைதான்.

●

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கிளை பிரான்ஸில் இருக்கும். பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன்காரர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்து வளர்கிறார்கள். 2018 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அந்த நாட்டில் 11 தடுப்பூசிகள் கட்டாயமாக்கப்பட்டன, அவற்றில் ஒன்று கொக்லூஷ். விடுமுறைக்குப் பட்டினம் வரும் பேத்தியின் மருத்துவக் கையேட்டில் அந்தச் சொல்லைக் கண்டால் தாத்தா குழம்ப வேண்டாம். இங்கே போட்டால் கக்குவான், அங்கே போட்டால் கொக்லூஷ்.

●

ஊசியின் பலன் ஆயுள் முழுக்க நிற்காது. சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். அதற்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு பூஸ்டர், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்று. முதல் பூஸ்டரை யாரும் மறப்பதில்லை, தட்டம்மை ஊசியோடு சேர்ந்து வருவதால். இரண்டாவதுதான் நழுவும். பிள்ளை அப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும், தடுப்பூசி அட்டை பீரோவில் துணிக்கு அடியில் இருக்கும். வீட்டில் அந்த வயதில் ஒரு பிள்ளையும் தொட்டிலில் ஒரு குழந்தையும் இருந்தால், அட்டையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.